அம்பு விட்டவர் ஏன் விட்டார்?

கேள்வி:

நாங்கள் ஆறு பேர், வேளச்சேரியில் எங்கள் வீட்டு ஹாலில் ஒன்று விட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆடுகிறோம். நான்தான் டிஎம், அதாவது கதையை நடத்துபவன். 2014-இல் வந்த ஸ்டார்ட்டர் செட்டில் இருக்கும் 'லாஸ்ட் மைன் ஆஃப் ஃபண்டெல்வர்' கதையை ஆரம்பித்து நான்கு செஷன் ஆகிறது.

ஆடுகிறவர்கள் ஐந்து பேர். என் கல்லூரி நண்பன் வில் வைத்திருக்கும் ஃபைட்டர். சண்டை என்றால் அவனுக்கு உயிர். என் மனைவி பார்டு, அதாவது பாணர். தன் கேரக்டருக்கு நான்கு பக்கம் முன்கதை எழுதி வைத்திருக்கிறாள். மச்சான் விசார்ட் (மந்திரவாதி), ரூல் புத்தகம் அவருக்கு மனப்பாடம். அலுவலகத் தோழி ஒருத்தி கிளெரிக் (பூசாரி). தன் மந்திரங்கள் என்னென்ன என்று அவளுக்கு இன்னும் தெரியாது, கேட்டால் சிரிப்பாள். எதிர்வீட்டுக் கல்லூரிப் பையன் ரோக், அதாவது பதுங்கித் திரியும் கள்ளன். 'கிரிட்டிகல் ரோல்' பார்த்துவிட்டு வந்தவன், குரல் மாற்றிப் பேசுவதில் ஆசை.

போன செஷனில் கோப்ளின் குகைக்குள் போனார்கள். அங்கே யீமிக் என்ற கோப்ளின், சில்டார் என்கிற வீரரைப் பிணையாகப் பிடித்து மேட்டு விளிம்பில் நிறுத்திப் பேரம் பேசுவான். என் மனைவி முன்கதையில் சில்டாரைத் தன் தாய்மாமன் என்று எழுதியிருந்தாள். நானும் ஒப்புக்கொண்டிருந்தேன். அவரைக் காப்பாற்ற அவள் விடாமல் பேசினாள். நடுவில் நண்பன் இரண்டு தரம், "நான் சைடுல ஏறிப் போகட்டுமா?" என்று கேட்டான். "இரு, அவ பேசி முடிக்கட்டும்" என்றேன். முக்கால் மணி நேரம் போயிருக்கும். திடீரென்று, "போதும்டா, நான் அவனை அடிக்கிறேன்" என்று பகடையை உருட்டிவிட்டான். அம்பு யீமிக் மேல் பாய்ந்தது. பக்கத்தில் நின்ற கோப்ளின் சில்டாரைக் கீழே தள்ளியது. அவர் இறந்துவிட்டார் என்று சொல்லிவிட்டேன்.

மனைவி எழுந்து உள்ளே போய்விட்டாள். "என் கேரக்டர் அப்படித்தான் செய்வான்" என்றான் நண்பன். மச்சான், "முதல்ல இனிஷியேட்டிவ் போட்டிருக்கணும்" என்று, யார் முதலில் ஆடுவது என்கிற விதியை ஆரம்பித்தார். தோழி, "கேரம் ஆடலாமா?" என்றாள். பையன் வாயே திறக்கவில்லை. அதோடு அன்றைக்கு மூட்டை கட்டினோம்.

நான் யோசித்து வைத்திருப்பது மூன்று. அடுத்த செஷனில் நண்பனின் கேரக்டருக்கு ஒரு சாபம் கொடுத்துப் புத்தி புகட்டலாம். அல்லது ஒரு மணி நேரம் சண்டை, ஒரு மணி நேரம் பேச்சு என்று பிரித்துவிடலாம். இரண்டும் சரிவராவிட்டால் நண்பனை நயமாக விலகச் சொல்லிவிடலாம். எது சரி?

— பெயர் வேண்டாம், சென்னை

பதில்:

முதலில் அந்தச் சாபத்தைக் கைவிடுங்கள். மற்ற இரண்டைப் பற்றிப் பிறகு பேசலாம். இதை மட்டும் உடனே சொல்லக் காரணம், நானே அதைச் செய்து ஒரு நண்பரை இழந்திருக்கிறேன்.

பல வருடங்களுக்கு முன்பு நான் நடத்திய ஒரு கேம்பெயினில், எந்த ஊருக்குப் போனாலும் கடைக்காரரிடம் திருடுகிற ஆட்டக்காரர் ஒருவர் இருந்தார். மற்ற மூவருக்கும் அது எரிச்சல். அவரிடம் நேரே பேச எனக்குத் தயக்கம். அதனால் கதைக்குள்ளேயே பாடம் கற்பிக்க நினைத்தேன். காவலர்கள் வந்தார்கள், பிடித்தார்கள், பாதாளச் சிறையில் போட்டார்கள். மற்றவர்கள் வெளியே ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். அவர் இரண்டு மணி நேரம் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு பகடைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணிப்பையில் போட்டு, சுருக்குக் கயிற்றை இழுத்துக் கட்டினார். அந்தச் சின்னச் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அவர் மறுபடி வரவில்லை. அவருக்கு அந்தத் திருட்டில் என்ன கிடைத்தது என்பதை நான் கடைசிவரை கேட்கவே இல்லை.

தண்டனை கேரக்டருக்கு என்று நாம் நினைக்கிறோம், அவமானம் மனிதருக்குப் போய்ச் சேர்கிறது. அதற்கு அவர் பதில் சொல்லவும் முடியாது, ஏனென்றால் நீங்கள் எதையும் வாய்விட்டுச் சொல்லவில்லையே. மேசைக்கு வெளியே இருக்கும் வருத்தத்தைக் கதைக்குள் தீர்க்கப் போனால் கதையும் கெடும், வருத்தமும் அப்படியே இருக்கும்.

இனி உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். அதில் ஒரு வரியைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் அதை நான்கு முறை படித்தேன். நண்பர் இரண்டு தரம், "நான் சைடுல ஏறிப் போகட்டுமா?" என்று கேட்டார், நீங்கள், "இரு, அவ பேசி முடிக்கட்டும்" என்றீர்கள். அம்பு விட்டதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அவர் அம்பு விடுவதற்கு முன் அனுமதி கேட்டிருக்கிறார், அதுவும் இரண்டு முறை. கேட்டதும் சண்டைக்கு அல்ல. மேட்டில் ஏற, சுற்றிப் போக, ஏதாவது ஒன்று செய்ய. முக்கால் மணி நேரம் கையில் பகடையோடு உட்கார்ந்திருந்த ஒருவருக்கு நீங்கள் திறந்து வைத்திருந்த ஒரே கதவு அந்த அம்புதான்.

2014-ஆம் வருட 'டஞ்சன் மாஸ்டர்ஸ் கைட்' புத்தகத்தின் முன்னுரையில், ஆட்டக்காரர்கள் எதையெல்லாம் ரசிக்கிறார்கள் என்று ஏழு வகை சொல்லியிருக்கும்: நடிப்பது, புதிய இடங்களைத் தேடிப் பார்ப்பது, கிளறிவிடுவது, சண்டை, கேரக்டரின் பலத்தைக் கூர்தீட்டுவது, புதிர் அவிழ்ப்பது, கதை. மூன்றாவதாக வரும் 'கிளறிவிடுவது' என்பதைக் கவனியுங்கள். எதையாவது நடக்கவைக்க வேண்டும், ஆட்டம் தேங்கி நிற்கக்கூடாது என்று தவிக்கிற ஆட்டக்காரர் இவர். நீங்கள் நண்பரைச் சண்டைப் பிரியர் என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தைப் படித்த எனக்கு அவர் இந்த மூன்றாவது ரகமோ என்று தோன்றுகிறது. சண்டைப் பிரியருக்கு மேலும் கோப்ளின்களைக் கொடுத்தால் போதும். தேக்கம் பிடிக்காதவருக்கு எத்தனை கோப்ளின் கொடுத்தாலும் அடுத்த பேச்சுவார்த்தையில் அதே அம்பு பறக்கும். ஆகவே, எந்த ரகம் என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்படி ரகம் பிரிப்பதும் புதிதல்ல. 1980-இல் 'டிஃபரென்ட் வேர்ல்ட்ஸ்' பத்திரிகையில் கிளென் பிளேக்கோ என்பவர் எழுதிய கட்டுரை ஆட்டக்காரர்களை நான்காகப் பிரித்தது: பலம் சேர்ப்பவர், பாத்திரமாக வாழ்பவர், போர்த்தந்திரம் பார்ப்பவர், கதை சொல்பவர். 2002-இல் ராபின் லாஸ் தன் சிறு நூலில் அதை ஏழாக விரித்தார். படிக்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஆளுக்கொரு சீட்டு ஒட்டிவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. ஒரே ஆள் மாலை நான்கு மணிக்குக் கதைப் பிரியராகவும், பசி வந்த ஏழு மணிக்குச் சண்டைப் பிரியராகவும் இருப்பதை நான் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன்.

உங்கள் மச்சானும் மனைவியும் எதிரெதிர் ஆசைகளோடு உட்கார்ந்திருப்பதிலும் தவறில்லை. இந்த ஆட்டமே இரண்டு விதமாகவும் வாக்குக் கொடுத்துத்தான் வளர்ந்தது. 1975-இல் 'ஆரிஜின்ஸ்' விளையாட்டு மாநாட்டின் போட்டிக்கு கேரி கைகாக்ஸ் கொண்டுவந்தது 'டூம் ஆஃப் ஹாரர்ஸ்'. கைதேர்ந்த ஆட்டக்காரரின் மூளையைச் சோதிக்கும் பொறிகள், தப்பாகக் கை வைத்தால் மரணம், அவ்வளவுதான். 1983-இல் டிரேசி, லாரா ஹிக்மன் தம்பதி எழுதிய 'ரேவன்லாஃப்ட்' ஒரு பிரபுவின் நிறைவேறாக் காதலையும் துரோகத்தையும் சுற்றிச் சுழலும். இரண்டும் ஒரே ஆட்டம், ஒரே பகடை. முதலாவதை ஆட வந்தவரையும் இரண்டாவதை ஆட வந்தவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்துவிட்டு, இன்று எதை ஆடப்போகிறோம் என்று சொல்லாமல் விட்டால் இருவருமே ஏமாந்துதான் போவார்கள்.

இன்னும் பின்னால் போனால், ஆரம்பமே ஒரு குழப்பத்தில்தான். 1969-இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ்–செயின்ட் பால் பகுதியில் டேவிட் வெஸ்லி என்பவர் நெப்போலியன் காலத்துப் போர் விளையாட்டு ஒன்றை அமைத்தார். இரண்டு படைகளுக்கு நடுவில் பிரவுன்ஸ்டைன் என்ற கற்பனை ஊர். வந்தவர்கள் சிலருக்குப் படையைக் கொடுக்காமல் ஊரின் மேயர் முதலிய வேடங்களைக் கொடுத்தார். போர் தொடங்கவே இல்லை. ஆட்டக்காரர்கள் அறை அறையாகப் போய் ரகசியம் பேசினார்கள், சதி செய்தார்கள். இரண்டு பேர் வந்து தாங்கள் ஒற்றைக்கு ஒற்றை மோதப்போவதாகச் சொன்னார்கள். அதற்கு அவரிடம் விதியே இல்லை, அந்த இடத்திலேயே ஒன்றை உண்டாக்கினார். ஆட்டம் தோற்றுவிட்டது என்று அவர் நினைத்தார். ஆடியவர்களோ அடுத்தது எப்போது என்று கேட்டார்கள். அந்தக் கூட்டத்தில் இருந்த டேவ் ஆர்னசன் அதை வளர்த்தெடுத்தார். 1974-இல் கைகாக்ஸோடு சேர்ந்து அவர் வெளியிட்டதுதான் நீங்கள் இன்று ஆடுகிற ஆட்டம். வெஸ்லி எதிர்பார்த்தது ஒன்று, வந்தவர்களுக்குப் பிடித்தது வேறொன்று. தன் திட்டம் கலைந்தபோது அவர் ஆட்டக்காரர்களைத் தடுக்கவில்லை என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த இடம்.

இப்போது உங்கள் இரண்டாவது யோசனை: ஒரு மணி நேரம் சண்டை, ஒரு மணி நேரம் பேச்சு. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் இது தெருக்கூத்துக்கு ஏற்ற ஏற்பாடு. விடிய விடிய நடக்கும் கூத்தில் பிள்ளைகள் கட்டியங்காரன் வரும்போது விழித்திருப்பார்கள், தருக்கப் பாட்டில் அப்படியே மணலில் சுருண்டு தூங்கிவிடுவார்கள். பெரியவர்கள் பாட்டுக்கு நிமிர்ந்து உட்காருவார்கள். துரியோதனன் திரை தாண்டி வரும்போது எல்லோரையும் தட்டி எழுப்புவார்கள். நூறு பேர் உட்கார்ந்த இடத்தில் அது நடக்கும். ஐந்து பேர் உட்கார்ந்த மேசையில் ஒருவர் தூங்க முடியாது. தன் மணி நேரம் வரும்வரை கைபேசியைத் தடவிக்கொண்டிருப்பார், பக்கத்தில் இருப்பவரின் உற்சாகமும் அதோடு வடிந்துவிடும். நேரத்தைப் பங்கு போட்டால் ஒவ்வொருவருக்கும் பாதி ஆட்டம்தான் கிடைக்கும்.

நான் சொல்வது வேறு. ஒரே காட்சிக்குள் ஐந்து பேருக்கும் வேலை கொடுங்கள். அதற்கு யீமிக்கின் குகையைவிட நல்ல இடம் கிடைக்காது. நானும் அந்தக் காட்சியை நடத்தியிருக்கிறேன். புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். குகையின் நடுவே பத்தடி உயர மேடு. ஆறு கோப்ளின்கள். சில்டாருக்கு முழு பலம் 27 ஹிட் பாயின்ட், கையில் இருப்பது 1. பத்தடி விழுந்தால் ஆறுமுகப் பகடை ஒன்றின் அளவுக்கு அடி. ஆக, தள்ளினால் அவர் வீழ்வது உறுதி, இதை எல்லோரும் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். யீமிக் கேட்பது தன் தலைவனான பக்பேர் என்ற பெரிய பூதத்தின் தலையை. அதைக் கொடுத்தாலும் அவன் வாக்கைக் காப்பாற்ற மாட்டான், மேற்கொண்டு பிணைப்பணம் கேட்பான். இத்தனையும் ஒரே காட்சியில்.

இதை நான் இன்று நடத்தினால் ஒரு வெள்ளைத் தாளில் வட்டம் போட்டு ஆறாகக் கோடு கிழித்து, 'யீமிக்கின் பொறுமை' என்று எழுதி மேசை நடுவில் வைப்பேன். 'பிளேட்ஸ் இன் தி டார்க்' முதலிய ஆட்டங்களில் இதைக் கடிகாரம் என்பார்கள். சுற்றி வந்து ஒவ்வொருவரையும், "நீங்க என்ன பண்றீங்க?" என்று கேட்பேன். ஒரே ஆள் இரண்டு தரம் தொடர்ந்து செய்ய முடியாது. உங்கள் மனைவி ஒரு வார்த்தை பேசுகிறார். மனம் இளகும்படி பேசினால் எந்தக் கட்டமும் நிரம்பாது, தடுமாறினால் ஒரு கட்டம் நிரம்பும். அடுத்து நண்பர் இருட்டோரமாக மேட்டில் ஏறுகிறார். ஒரு கல் உருண்டால் ஒரு கட்டம். மச்சான், எந்த மந்திரம் எத்தனை பேரைத் தூங்கவைக்கும் என்று கணக்குப் போடுகிறார், அவருக்கு அதுதான் திருவிழா. பையன் கோப்ளின் குரலில் பேசிக் கும்பலில் ஒருவனைப் பக்கத்தில் இழுக்கிறான். கிளெரிக் சில்டாரையே பார்த்துக்கொண்டிருக்கிறார், விழுந்தால் ஓடிப்போய்த் தொட. வட்டம் நிரம்பினால் தள்ளிவிடுவான் என்பது எல்லோருக்கும் தெரியும்.

இந்தக் காட்சியில் உங்கள் மனைவியின் பேச்சுக்கு இன்னும் மதிப்பு கூடுவதைப் பாருங்கள். அவர் பேசப் பேச நண்பர் நாலடி, ஆறடி, எட்டடி என்று ஏறுகிறார். அவருடைய ஒவ்வொரு வாக்கியமும் நண்பருக்கு நேரம் வாங்கித் தருகிறது. வில் வளைந்து நிற்பது அவர் பேச்சுக்குத் துணையாக. கடைசியில் அம்பு பறந்தாலும் பறக்காவிட்டாலும் அது இருவரும் சேர்ந்து செய்ததாக இருக்கும்.

சரி, நடந்தது நடந்துவிட்டது. அதைப் பேசித்தான் தீர்க்க வேண்டும். முதலில் ஒவ்வொருவரையும் தனியாகப் பாருங்கள். வாட்ஸ்அப் குழுவில் வேண்டாம். அங்கே எழுதும் ஒவ்வொரு வரியும் மற்ற நான்கு பேருக்காக எழுதுவதாகிவிடும். ஒரு டீக்கடை போதும். "உனக்கு இந்த ஆட்டத்துல என்ன வேணும்?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு யாரும் உண்மையான பதில் சொன்னதை நான் பார்த்ததில்லை. "எல்லாம் கொஞ்சம் கொஞ்சம்" என்பார்கள், அல்லது உங்களுக்குப் பிடித்ததைச் சொல்வார்கள். அதற்குப் பதிலாக, "இந்த நாலு செஷன்ல உனக்கு மனசுல நிக்கிற நிமிஷம் எது?" என்று கேளுங்கள். பிறகு, "எப்ப மணியைப் பார்த்தே?" என்று கேளுங்கள். மனிதர்களுக்குத் தங்கள் விருப்பம் தெரியாமல் இருக்கலாம், தங்கள் நிமிடம் தெரியும்.

பதிலில் நீங்கள் எதிர்பாராதது வரும். ஒரு மேசையில், எண்களைத் தவிர வேறு எதிலும் அக்கறை இல்லாதவர் என்று நான் முடிவுகட்டி வைத்திருந்த ஒருவர், தன் கேரக்டர் ஒரு கிழட்டுக் கழுதைக்குத் தண்ணீர் காட்டிய நிமிடத்தைச் சொன்னார். எனக்கு அது நினைவிலேயே இல்லை.

நண்பரிடம் பேசும்போது உங்கள் தவறிலிருந்து ஆரம்பியுங்கள். "நீ ரெண்டு தரம் கேட்டே, நான் உன்னை உக்கார வெச்சுட்டேன். அது தப்பு." அதற்குப் பிறகு, "ஆனா அவ முக்கால் மணி நேரம் கட்டினதை நீ யாரையும் கேட்காம உடைச்சே. அதுவும் தப்பு." இந்த வரிசையில் சொன்னால் அவரால் காது கொடுத்துக் கேட்க முடியும். "என் கேரக்டர் அப்படித்தான் செய்வான்" என்று மறுபடி சொன்னால், அந்தக் கேரக்டரை உருவாக்கியது அவர்தான் என்பதை மென்மையாக நினைவூட்டுங்கள். முரட்டு வில்லாளி அம்பு விடலாம். பொறுமை இழந்து வில்லைத் தரையில் ஓங்கி அடிக்கலாம். பார்டின் காதில், "இன்னும் பத்து எண்ணுவேன்" என்றும் சொல்லலாம். மூன்றும் அவன் குணத்துக்குப் பொருந்தும். கூட இருப்பவருக்கும் ஆட இடம் விடுகிற ஒன்றைத் தேர்ந்தெடுப்பது ஆட்டக்காரரின் வேலை.

ஒன்றைத் தயக்கத்தோடு சொல்கிறேன், ஆனால் சொல்லாமல் விடுவது சரியல்ல. முக்கால் மணி நேரம் பேசியவர் உங்கள் மனைவி. நீங்கள் வேண்டுமென்றே சலுகை காட்டவில்லை என்று நம்புகிறேன். முன்கதை எழுதி வருபவருக்கு டிஎம் தன்னையறியாமல் அதிக நேரம் கொடுப்பது எல்லா மேசையிலும் நடக்கும், எழுதியவரின் காட்சி நமக்கும் தயாராக இருக்கிறதே. ஆனால் மற்ற நால்வர் கண்ணுக்கு அது வேறு மாதிரித் தெரிந்திருக்கலாம். கல்லூரி நண்பர் இதை ஒருநாளும் உங்களிடம் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். நீங்களே எடுத்துப் பேசிவிடுங்கள். மற்றவர்களிடமும் நான்கு பக்கம் எல்லாம் கேட்க வேண்டாம், ஒரு கேள்வி போதும்: "உன் கேரக்டருக்கு ஊர்ல யார் காத்துட்டிருக்காங்க?" அந்த ஒரு பதிலை வைத்து ஆளுக்கு ஒரு காட்சி கட்டிவிடலாம்.

மனைவியிடம் இதே டீக்கடை முறை செல்லாது. அவர் எழுந்து போனது ஆட்டத்தில் தோற்றதற்காக அல்ல. கதைக்குள் அவர் ஓர் உறவைக் கட்டினார், நீங்கள் அதை ஏற்றீர்கள், பிறகு ஒரு பகடை உருண்டதும் "இறந்துவிட்டார்" என்று ஒரே வார்த்தையில் முடித்தீர்கள். அம்பை விட்டவர் நண்பர், அந்த வார்த்தையைச் சொன்னவர் நீங்கள். விதிப்புத்தகமே அதைக் கட்டாயமாக்கவில்லை. பெரும்பாலான கதைமாந்தர்கள் பலம் பூஜ்யமானதும் இறப்பார்கள், ஆனால் முக்கியமானவர்களை டிஎம் மயக்க நிலையில் வைத்து, ஆட்டக்காரர்களைப் போலவே உயிருக்குப் பகடை உருட்டவைக்கலாம் என்று அதில் இருக்கிறது. இதை மச்சானிடம் காட்டுங்கள், அவரே பக்கத்தைத் திறந்து படித்துக் காட்டுவார்.

ஆகவே சில்டாரைத் திருப்பிக் கொண்டுவரலாம். ஆனால் ரகசியமாகச் செய்யாதீர்கள். ஐந்து பேரையும் வைத்துக்கொண்டு, "போன தடவை நான் அவசரப்பட்டு முடிச்சுட்டேன், அவர் மயங்கிக் கிடக்கிறார்னு மாத்திக்கலாமா?" என்று கேளுங்கள். மனைவி, "வேண்டாம், இறந்ததாகவே இருக்கட்டும், நான் அதை வைத்து ஆடுகிறேன்" என்று சொன்னாலும் ஆச்சரியப்பட மாட்டேன். கதைப் பிரியர்களுக்கு இழப்பும் பிடிக்கும், அது தங்கள் கண்முன்னே மரியாதையோடு நடக்க வேண்டும், அவ்வளவுதான்.

தனித்தனியாகப் பேசிய பிறகு, அடுத்த செஷனின் முதல் முக்கால் மணி நேரத்தை எல்லோரும் சேர்ந்து பேசுவதற்கு ஒதுக்குங்கள். இதை 'செஷன் ஜீரோ' என்பார்கள். 2020-இல் வந்த 'டாஷாஸ் கால்ட்ரன் ஆஃப் எவ்ரிதிங்' புத்தகத்தில் இதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. ஆரம்பத்தில் செய்திருக்க வேண்டியதுதான், ஆனால் நான்கு செஷன் கழித்துச் செய்வதில் ஒரு லாபம் உண்டு, இப்போது எல்லோரிடமும் எடுத்துச் சொல்ல உதாரணம் இருக்கிறது. பெரிய சட்டம் எதுவும் போட வேண்டாம். ஒருவர் பேசிக்கொண்டிருக்கும் காட்சியில் இன்னொருவர் ஆயுதம் எடுக்க வேண்டுமென்றால், உருட்டுவதற்கு முன் மேசையைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்பது. யாராவது பத்து நிமிடம் சும்மா இருந்தால் கையைத் தூக்குவது, டிஎம் உடனே அங்கே திரும்புவது. எந்த விஷயம் கதையில் வரவே கூடாது என்று யாருக்காவது இருந்தால் சொல்லிவிடுவது, ஏன் என்று யாரும் கேட்கக்கூடாது. இந்த மூன்றும் எனக்குப் பல வருடம் போதுமானதாக இருந்தன.

எதிர்வீட்டுப் பையனை மறந்துவிடாதீர்கள். கடிதத்தில் அவனுக்கு இரண்டு வரிதான் கொடுத்திருக்கிறீர்கள், சண்டை வெடித்தபோது அவன் வாயே திறக்கவில்லை என்கிறீர்கள். 'கிரிட்டிகல் ரோல்' 2015-இல் தொடங்கிய நிகழ்ச்சி. அதில் ஆடத் தொடங்கியவர்களுக்கும் அப்போது நடத்திய மேத்யூ மெர்சருக்கும் குரல் நடிப்பே தொழில். அதைப் பார்த்து வருகிற இளையவர்கள் மேசையில் அந்த அழுகையும் சிரிப்பும் தானாக வரும் என்று நினைக்கிறார்கள். வராதபோது குறை தன்னிடம்தான் என்று ஒடுங்கிவிடுகிறார்கள். அவனுக்கு வேண்டியது ஒரு காட்சி, அதில் அவன் குரலுக்குப் பதில் குரல். நீங்களும் குரல் மாற்றிப் பேசுங்கள், நன்றாக வராவிட்டாலும் பரவாயில்லை. பெரியவர் ஒருவர் கூச்சத்தை விட்டால்தான் அவனுக்குக் கூச்சம் போகும்.

அலுவலகத் தோழியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ராபின் லாஸின் ஏழு ரகத்தில் கடைசி ரகம் அவர்தான்: நண்பர்களோடு இருப்பதற்காக வருபவர். அவரைக் கதைக்குள் இழுத்துப்போட நினைக்க வேண்டாம் என்பதே லாஸின் கருத்து, என் அனுபவமும் அதுதான். கேரம் ஆடலாமா என்று கேட்டதைப் பலர் பொறுப்பின்மை என்பார்கள். அந்த அறையில் இருந்தவர்களில் எல்லோரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று நினைத்தவர் அவர் ஒருவர்தான். அவருக்கு உதவியாக மந்திரங்களைப் பெரிய எழுத்தில் சீட்டு சீட்டாக எழுதிக் கொடுங்கள், போதும்.

இனி உங்கள் மூன்றாவது யோசனை. எல்லாம் பேசிய பிறகும் நண்பர், "எனக்குப் பேச்சே வேண்டாம், அடிச்சு ஆடணும், அவ்வளவுதான்" என்று சொன்னால், அதையும் மதியுங்கள். அது குற்றமில்லை. 'க்ளூம்ஹேவன்' போன்ற பலகை விளையாட்டுகள் பெரும்பாலும் கூட்டுச் சண்டைத் தந்திரம்தான். அவரும் மச்சானும் அதில் ஒரு நாள் முழுக்க மூழ்கிவிடுவார்கள். ஒன்று விட்டு ஒரு ஞாயிறு என்றால் நடுவில் ஒரு ஞாயிறு காலியாகத்தானே இருக்கிறது? அல்லது மச்சானை ஒரு நாள் டிஎம் நாற்காலியில் உட்காரவைத்து, ஒரே செஷனில் முடிகிற பொறிக்குகை ஒன்றை நடத்தச் சொல்லுங்கள். இந்த மேசையை விட்டு ஒருவர் விலகலாம், உங்கள் வீட்டை விட்டு விலக வேண்டியதில்லை. ஆனால் இதையெல்லாம் பேசுவதற்கு முன்பே அவரை விலகச் சொல்வது, இரண்டு தரம் கேட்டவரை மூன்றாவது தரமும் உட்கார வைப்பதாகும்.

உங்கள் கடிதத்தில் ஐந்து பேரின் விருப்பமும் இருக்கிறது. உங்கள் நிமிடம் எது என்று மட்டும் இல்லை. அந்த டீக்கடைக் கேள்வியை யாரையாவது உங்களிடமும் கேட்கச் சொல்லுங்கள், மச்சான் சரியான ஆள் என்று நினைக்கிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வழி. பேச்சு முடிந்ததும் விட்ட இடத்திலிருந்தே தொடங்குங்கள்: யீமிக் மேல் அம்பு, மேட்டுக்குக் கீழே சில்டார். கிளெரிக்கைப் பார்த்து, "நீங்க ஓடிப் போறீங்களா?" என்று கேளுங்கள். யீமிக்கைக் கொன்றுவிடாதீர்கள், அவனுக்குப் பன்னிரண்டு ஹிட் பாயின்ட் இருக்கிறது, ஓர் அம்பைத் தாங்குவான். அடிபட்ட யீமிக்கிடம் பார்டு பேசுவது முன்பு பேசியதைவிட நல்ல காட்சி. அப்புறம் பக்பேரின் குகை இருக்கிறது. ஓநாய்கள் கட்டிக்கிடக்கும் இடத்திலிருந்து முப்பதடி உயரப் பாறை இடுக்கு ஒன்று அங்கே மேலேறிப் போகிறது. உங்கள் நண்பர் ஏற வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார் அல்லவா? அந்த இடுக்கை முதலில் அவர் கண்ணுக்குக் காட்டுங்கள்.